குறுக்கீடு என்னும் சொல்லும் அதன் வாக்கியமும்: நுண்கட்டுப்படுத்தி விளக்கத் தமிழ் குறித்த ஒரு திறனாய்வு

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் நூறாண்டுக்கும் மேலாகக் கலைச்சொல்லையே நடுவில் வைத்து வளர்ந்து வந்துள்ளன. 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் நிறுவிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கி, பின்னர் வந்த அகராதிகள், கருத்தரங்குகள், பல்கலைக்கழகத் திட்டங்கள் வரை, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்னும் வினாவே முதலிடம் பெற்றது. வினா தேவையானதே. ஆயின் ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தனிச்சொல் விளக்குவதில்லை, வாக்கியமே விளக்குகிறது. அறிவியல் தமிழின் வாக்கியம் இலக்கண நோக்கில் திறனாயப்பட்டது மிகக் குறைவு.

இக்குறை இன்று வகுப்பறையில் விளைவு தருவதாக உள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழ் உள்ளிட்ட 8 இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. பாடநூல்கள் பெருகும்போது, அவற்றின் சொற்கள் சரியா என்பதோடு, அவற்றின் வாக்கியங்களை நம்பி ஒரு மாணவர் கருவியை இயக்கிவிட முடியுமா என்பதையும் கேட்டாக வேண்டும். இவ்வினாவை ஒரேயொரு செயல்முறையில் வைத்துச் சோதிப்பது பொதுப்படப் பேசுவதினும் பயனுடையது. நுண்கட்டுப்படுத்தியில் டைமர் குறுக்கீட்டைக் கொண்டு ஓர் எழுத்துத் திரையைப் புதுப்பித்தல் என்னும் தொடக்கநிலைப் பாடம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. யார் செய்கிறார், எதன் பிறகு செய்கிறார் என்னும் இரண்டையும் நீக்கிவிட்டால் இப்பாடத்தில் எதுவும் எஞ்சாது. வாக்கியத்தைச் சோதிக்க இதனினும் ஏற்ற உரைகல் அரிது.

செயல்முறை

முதலில் பொருளைச் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டாக ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி என்னும் நுண்கட்டுப்படுத்தியைக் கொள்ளலாம். அப்பலகையில் அது நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. அதனோடு இணைக்கப்படும் திரை, வரிக்கு 16 கட்டங்களாக 2 வரிகள் கொண்டது. மின்தூக்கி, எடைக்கருவி, பணம் எண்ணும் பொறி ஆகியவற்றில் அனைவரும் கண்டிருக்கும் திரைதான் அது. இட்டாச்சி நிறுவனம் வடிவமைத்த எச்.டி. 44780 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லோ அதனோடு ஒத்தியங்கும் வேறொரு சில்லோ அத்திரையின் உள்ளே இருக்கும்.

இவ்விரண்டிற்கும் வேகம் ஒவ்வாது. ஓர் எழுத்தை ஏற்றுக்கொள்ளத் திரைக்கு ஏறத்தாழ 37 மைக்ரோநொடி வேண்டும். அதற்குள் நுண்கட்டுப்படுத்திக்கு 592 துடிப்புகள் கடந்துவிடும். திரை முழுவதையும் துடைக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிநொடி, துடிப்புக் கணக்கில் 24,320. இத்தனை நேரமும் நுண்கட்டுப்படுத்தி வேறொன்றும் செய்யாமல் காத்திருக்கலாம். எளிய நிரல்கள் அவ்வாறே காத்திருக்கின்றன. பொத்தானைக் கவனிக்கவும் உணரியைப் படிக்கவும் வேண்டிய நிரல் அப்படிக் காத்திருக்க இயலாது.

இங்கே டைமர் உதவிக்கு வருகிறது. டைமர் என்பது செயலியின் பணியைச் சாராமல் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பு. துடிப்புகளை 64ஆல் வகுத்து அதற்கு ஊட்டினால் நொடிக்கு 2,50,000 எண்ணிக்கை கிட்டும். 249 வரை எண்ணி மீண்டும் 0இலிருந்து தொடங்குமாறு பணித்தால், சுழியும் ஓர் எண்ணிக்கை ஆதலின், 250 எண்ணிக்கைக்கு ஒருமுறை, அதாவது சரியாக 1 மில்லிநொடிக்கு ஒருமுறை, அது செயலிக்கு அறிவிப்புத் தரும். அறிவிப்பைப் பெற்ற செயலி கையிலுள்ள கட்டளையை முடித்து, திரும்பிவர வேண்டிய முகவரியை அடுக்கில் வைத்து, பிற குறுக்கீடுகளுக்குக் கதவடைத்து, குறுக்கீட்டு நிரல் என்னும் சிறு நிரலுக்குத் தாவுகிறது. அச்சிறு நிரல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து முதன்மை நிரல் தொடர்கிறது. இடையில் ஒன்று நிகழ்ந்தது என்பதையே முதன்மை நிரல் அறியாது.

பெயர்கள்

குறுக்கீடு, இடைமறிப்பு, இடையீடு ஆகிய மூன்றும் இக்கருத்துக்கு வழங்கிவரும் சொற்கள். இவற்றுள் குறுக்கீடு ஓரளவு நிலைபெற்றுவிட்டது. பொதுவழக்கில் இச்சொல்லுக்கு வேண்டாத தலையீடு என்னும் சாயல் உண்டு. சட்டமன்றச் செய்திகளில் ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்து கத்துவது குறுக்கீடு எனப்படுகிறது. நுண்கட்டுப்படுத்தியின் குறுக்கீடோ நிரலே முன்னதாக இசைவளித்து வரவழைத்தது. நிரல் இசையாவிடில் டைமர் எத்தனை முறை நிரம்பினும் செயலி திரும்பிப் பார்ப்பதில்லை. சாயல் தவறுதான். ஆயினும் இதற்காக நான்காவதாக ஒரு சொல்லை ஆக்குவது வேண்டாத வேலை. தமிழ்த்துறைகளில் புதுச்சொல் ஆக்குவதில் உள்ள ஊக்கம், ஆக்கிய சொல்லை ஒரு பத்தியில் வைத்து ஆளுவதில் காணப்படுவதில்லை. சாயலை வாக்கியம் திருத்திவிடும்.

டைமருக்கு ‘நேரங்காட்டி’ என வழங்குவது அவ்வாறு விட்டுவிடத்தக்கதன்று. டைமர் நேரத்தைக் காட்டுவதில்லை, துடிப்பை எண்ணுகிறது. காட்டுவது திரையின் வேலை. ‘நேரங்காட்டி’, ‘காட்சித்திரை’ என இரண்டு காட்டும் பொருள்கள் ஒரே வாக்கியத்தில் வந்தால், முதன்முறை படிக்கும் மாணவர் திரையில் தெரியும் கடிகாரத்தையே நேரங்காட்டி எனக் கொள்வதில் வியப்பில்லை. உற்பத்தியாளரின் குறிப்பேடே இவ்வுறுப்பை எண்ணி என்றும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. ‘நேர எண்ணி’ என்பது போதும். டைமர் என்றே எழுதினாலும் குழப்பம் இல்லை.

வோலடைல் என்னும் நிரல்மொழிச் சொல் இன்னொரு சிக்கல். வேதியியலை நினைத்து ‘ஆவியாகும்’ என்றோ, பொதுப்பொருளில் ‘நிலையற்ற’ என்றோ பெயர்த்தால், மதிப்பு அழிந்துவிடும் ஒரு மாறி என்றே தோன்றும். அதன் பொருள் வேறு: இம்மாறியை வேறொருவரும் மாற்றக்கூடும், ஆகையால் பழைய நகலை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று மொழிமாற்றிக்கு இடும் ஆணை அது. ஆணையை அடைமொழியாகப் பெயர்க்க முயல்வதால் வரும் இடர்ப்பாடு இது. பெயரை ஒலிபெயர்த்துவிட்டு ஆணையைச் சொல்லிவிடுவதே தெளிவு.

செய்யப்பாட்டு வினையின் கேடு

பாடநூல் நடையில் இச்செயல்முறை பெரும்பாலும் எந்த வடிவில் சொல்லப்படும் என்பதற்கு மாதிரியாக ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம்: ‘நேரங்காட்டிக் குறுக்கீடு ஏற்படுத்தப்படும்போது எழுத்துக் காட்சித்திரை புதுப்பிக்கப்படுகிறது.’ இலக்கணப் பிழை ஏதும் இதில் இல்லை. கலைச்சொற்களும் அகராதிக்கு ஒத்தவை. ஆயினும் இவ்வாக்கியத்தை அப்படியே நிரலாக்கும் மாணவரின் கருவி தவறாக இயங்கும்.

‘ஏற்படுத்தப்படும்’, ‘புதுப்பிக்கப்படுகிறது’ என இரண்டும் செய்யப்பாட்டு வினைகள். ஏற்படுத்துவது யார், புதுப்பிப்பது யார் என்பது மறைந்துள்ளது. ‘போது’ என்பது ஒரே காலத்தை உணர்த்துவதால், குறுக்கீட்டு நிரலுக்குள்ளேயே திரை முழுவதையும் எழுதிவிட வேண்டும் என்றே மாணவர் பொருள்கொள்வார். நொடிக்கொருமுறை அவ்வாறு செய்வதாகக் கொண்டு கணக்கிடலாம். ஆர்டுயினோவோடு வரும் திரை நிரல்தொகுப்பு, ஓர் எழுத்தை இரண்டு பாதிகளாக அனுப்பும் முறையில், ஒவ்வொரு பாதிக்குப் பின்னும் 100 மைக்ரோநொடி காத்திருக்கிறது. 32 எழுத்துகளுக்குக் காத்திருப்பு மட்டுமே 6.4 மில்லிநொடி. அதுவரை பிற குறுக்கீடுகளுக்குக் கதவு அடைத்தே இருக்கும். அப்பலகையின் பொது நேரக்கணக்கை வேறொரு டைமர் 1.024 மில்லிநொடிக்கு ஒருமுறை நிரம்பிக் குறுக்கிட்டுக் கூட்டுகிறது. 6.4 மில்லிநொடிக்குள் அது 6 முறை நிரம்பும். காத்திருக்கும் அறிவிப்புக்கு உள்ள இடம் ஒரே பிட். ஆகவே ஒன்று மட்டும் நினைவில் நிற்க, ஐந்து தொலைந்துபோகும். நொடிக்கு 5.12 மில்லிநொடி, மணிக்கு 18 நொடிக்கு மேல், நாளொன்றுக்கு 7 நிமிடத்துக்கு மேல். அந்தக் கணக்கை நம்பி மருந்து செலுத்தும் கருவியோ நீர் பாய்ச்சும் கருவியோ இருந்தால், இழப்பு ஒரு செய்யப்பாட்டு வினையிலிருந்து தொடங்கியதாகும்.

இன்னொரு பிழை இதனினும் நுட்பமானது. முதன்மை நிரலும் திரைக்கு எழுதுகிறது, குறுக்கீட்டு நிரலும் எழுதுகிறது எனக் கொள்வோம். முதன்மை நிரல் ஓர் எழுத்தின் மேற்பாதியை அனுப்பிக் கீழ்ப்பாதியை அனுப்புவதற்குள் குறுக்கீடு வந்துவிட்டால், குறுக்கீட்டு நிரல் அனுப்பும் முதற்பாதியைத் திரை முந்தைய எழுத்தின் கீழ்ப்பாதியாகக் கொள்ளும். அதன்பின் வருவன யாவும் ஒரு பாதி நழுவி, பொருளற்ற வடிவங்களாகத் தெரியும். பாடத்தில் ‘தரவு திரைக்கு அனுப்பப்படுகிறது’ என்று மட்டும் இருந்தால், அனுப்புவோர் இருவர் என்பதையே மாணவர் உணரமாட்டார். கம்பி இணைப்பில் குறை என்று எண்ணிப் பலகையைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

எச்சம் தரும் வழி

எழுவாயை வெளிப்படையாகச் சொல்லுதல் என்பது எளிய தீர்வு. அதனினும் நுட்பமான ஒரு கருவி தமிழ் இலக்கணத்திலேயே உண்டு. வினையெச்சங்களைத் தொல்காப்பியம் வகுக்கும்போது, செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்று வாய்பாடுகளும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், செயின், செய முதலிய ஏனையவை பிற வினைமுதலின் வினையையும் கொண்டு முடியலாம் என்றும் வேறுபடுத்துகிறது. ‘செய்து’ என்றால் செய்தவரே தொடர்கிறார். ‘செய’ என்றால் வேறொருவர் தொடரக்கூடும். நுண்கட்டுப்படுத்தியை விளக்குவோருக்குத் தேவைப்படும் வேறுபாடு இதுவே: செயலில் கை மாறுகிறதா, மாறவில்லையா?

மேற்கண்ட மாதிரி வாக்கியத்தை இவ்வாறு மாற்றி எழுதலாம்: ‘நேர எண்ணி 249ஐக் கடந்து சுழிக்குத் திரும்ப, செயலி முதன்மை நிரலை நிறுத்தி, மீளவேண்டிய முகவரியை அடுக்கில் வைத்து, குறுக்கீட்டு நிரலுக்குத் தாவும். குறுக்கீட்டு நிரல் நினைவக வரிசையிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து, திரைக்கு அனுப்பி, சுட்டெண்ணில் ஒன்றைக் கூட்டி, மீளும்.’ ‘திரும்ப’ என்னும் செயவென் எச்சத்தில் கை மாறுகிறது. ‘நிறுத்தி’, ‘வைத்து’ என்னும் செய்தென் எச்சங்களில் மாறவில்லை. வாக்கியம் நீண்டதுதான், ஆனால் படிப்பவர் அதிலிருந்து நிரலை எழுதிவிடலாம்.

‘ஓர் எழுத்தை’ என்பதே இவ்வாக்கியத்தின் உயிர். 32 எழுத்துகளையும் ஒருங்கே அனுப்பாமல், மில்லிநொடிக்கு ஒன்றாக அனுப்புதல் என்னும் உத்தியை அது சொல்கிறது. முதன்மை நிரல் திரையோடு பேசுவதே இல்லை. நினைவகத்தில் 32 இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் வேண்டியதை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். குறுக்கீட்டு நிரல் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை எடுத்து அனுப்பும். அடுத்த முறை வருவதற்குள் 1 மில்லிநொடி கழிந்துவிடும்; திரைக்குத் தேவையோ 37 மைக்ரோநொடி. ஆகவே காத்திருப்பு என்பதே அற்றுப்போகிறது. 32 எழுத்துகள், இரு வரிகளுக்கும் தொடக்க முகவரியாக 2 கட்டளைகள், ஆக 34 மில்லிநொடியில் திரை முழுவதும் ஒருமுறை புதுப்பிக்கப்பெறும். நொடிக்கு ஏறத்தாழ 29 முறை. குறுக்கீட்டு நிரல் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்வது ஒரு சில மைக்ரோநொடியே. பிற டைமரின் அறிவிப்பு எதுவும் தொலைவதில்லை. அனுப்புவோர் ஒருவரே ஆதலின் எழுத்தின் பாதிகளும் நழுவுவதில்லை.

துடைக்கும் கட்டளை மட்டும் இம்முறையில் ஆகாது. அதற்கு 1.52 மில்லிநொடி வேண்டுமாதலின், அடுத்த எழுத்து வரும்போது திரை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கும். துடைப்பதற்கு மாறாக வரிசையின் 32 இடங்களிலும் இடைவெளியை நிரப்பிவிட்டால், அடுத்த 34 மில்லிநொடியில் திரை தானே வெறுமையாகிவிடும். ‘திரையைத் துடைத்தல்’, ‘வரிசையைத் துடைத்தல்’ என்னும் இரண்டையும் ‘திரை துடைக்கப்படுகிறது’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிட்டால் இவ்வேறுபாடு புலப்படாது.

எச்சத்தைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. செய்தென் எச்சம் செயவென் எச்சப் பொருளில் திரிந்து நிற்கும் இடங்களுக்கு உரையாசிரியர்கள் அமைதி கூறுவர். செய்யுளுக்கு அது பொருந்தும். செயல்விளக்கத்தில் அத்திரிபுக்கு இடம் தருதல் கூடாது. மேலும், செய்தென் எச்சம் வினைமுதல் ஒன்றே என்பதை உறுதி செய்கிறதேயன்றி, இடையில் வேறொருவர் புகவில்லை என்பதை உறுதி செய்வதில்லை. ‘முதன்மை நிரல் எண்ணின் கீழ்ப்பைட்டைப் படித்து, மேற்பைட்டைப் படிக்கும்’ என்னும் வாக்கியம் இலக்கணப்படி குறையற்றது. ஏடிமெகா 328பி 8 பிட் செயலி. 16 பிட் எண்ணை அது இரண்டு முறையாகத்தான் படிக்கும். எண் 255ஆக இருக்கையில் முதன்மை நிரல் கீழ்ப்பைட்டைப் படிக்கிறது, கிடைப்பது 255. அவ்வேளை குறுக்கீட்டு நிரல் வந்து எண்ணை 256 ஆக்கிச் செல்கிறது. பின்னர் மேற்பைட்டைப் படித்தால் கிடைப்பது 1. இரண்டையும் சேர்த்தால் 511. எண் ஒருபோதும் 511ஆக இருந்ததில்லை. ‘படித்து’ என்பதற்கும் ‘படிக்கும்’ என்பதற்கும் இடையே உள்ள காற்புள்ளியில் நிகழ்ந்தது இது. குறுக்கீட்டுக்குக் கதவடைத்து, இரு பைட்டுகளையும் படித்து, கதவைத் திறக்க வேண்டும் என்பதை வாக்கியம் வெளிப்படையாகவே சொல்லியாக வேண்டும். எச்சத்தின் ஒழுக்கை நம்பி விட்டுவிட இயலாது.

இதே போன்றதொரு கலப்பு 32 எழுத்து வரிசையிலும் நிகழும். 09 என்பதை முதன்மை நிரல் 10 என மாற்றிக்கொண்டிருக்கையில், முதல் இலக்கம் மட்டும் மாறிய நிலையில் குறுக்கீட்டு நிரல் அவ்விடத்தைக் கடந்தால், திரையில் 19 தோன்றும். அடுத்த சுற்றில், 34 மில்லிநொடிக்குள், அது தானே சரியாகிவிடும்; கண் அதை உணர்வது அரிது. திரையின் பிழை ஆறும்; எண்ணின் பிழை ஆறாது. இவ்விரண்டையும் ‘தரவு முரண்பாடு’ என்னும் ஒரே பெயரின்கீழ் அடுக்கிச் செல்லும் விளக்கம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைக் கற்பிக்கத் தவறுகிறது.

எழுத்து என்னும் அலகு

இதுவரை ‘எழுத்து’ என்றே கூறப்பட்டது. தமிழ்ப் புலவர் ஒருவருக்கு இச்சொல் இங்கு உறுத்தியிருக்க வேண்டும். தொல்காப்பியம் எழுத்தை ஒலியின் கால அளவால் வகுக்கிறது. கண் இமைத்தலும் கை நொடித்தலும் மாத்திரைக்கு அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இங்குக் கூறும் திரையோ எழுத்தை இடத்தால் வகுக்கிறது: அகலம் 5 புள்ளி, உயரம் 8 புள்ளி. (மாத்திரையையும் மில்லிநொடியையும் இணைத்து, குறுக்கீட்டுக் கோட்பாடு பழந்தமிழிலேயே இருந்தது என நிறுவும் கட்டுரைகளுக்கு இதனால் ஒன்று கூடிவிடலாகாது. பிற்காலக் கருவிக்கு முற்கால நூல் சான்றாகாது. எச்ச வாய்பாடு உதவுவது அது மொழியின் இயல்பாக இன்றும் உயிரோடிருப்பதால்.)

திரைச் சில்லின் உள்ளே முன்பே பொறிக்கப்பட்ட வடிவங்கள் உண்டு. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஆங்கில எழுத்துகளோடு சப்பானியக் கதகனா எழுத்துகளும் உள்ளன. அங்கே ஒலியை மாற்றும் இரட்டைக் கோட்டுக் குறி தனிக் கட்டமாகவே பொறிக்கப்பட்டுள்ளது. ‘க’ வரிசை எழுத்து ஒன்றை வல்லொலியிலிருந்து மாற்ற அடுத்த கட்டத்தில் அக்குறியை இட வேண்டும். ஒரே ஒலியெழுத்து, இரண்டு கட்டம். தன் எழுத்தைக் கருவிக்கேற்பப் பிரித்துக்கொள்ளச் சப்பானிய மொழியினர் இசைந்ததன் பதிவு அது.

தமிழுக்குப் பொறிக்கப்பட்ட இடம் இல்லை. நிரலர் தாமே வரைந்துகொள்ள 64 பைட்டு இடம் மட்டும் உண்டு. கட்டத்துக்கு 8 பைட்டாக 8 வடிவங்கள். ‘நேரம்’ என எழுத வேண்டும் என்று கொள்வோம். இலக்கணத்தில் அது மூன்றெழுத்து. திரையில் ஏகாரக் கொம்பு, ந, ர, ம் என நான்கு கட்டம். ‘வெப்பம்’ நான்கெழுத்து, திரையில் எகரக் கொம்பு, வ, ப், ப, ம் என ஐந்து கட்டம். ம் பொதுவாதலின் இரண்டு சொற்களுக்கும் சேர்ந்து தேவைப்படும் வடிவங்கள் சரியாக எட்டு. இவ்விரு சொற்களோடு இடம் நிறைந்துவிடுகிறது. ‘நாள்’ என்று மூன்றாவது சொல்லைச் சேர்க்க வழியில்லை. இதுவும் ந, வ ஆகியவற்றை ஐந்து புள்ளி அகலத்தில் நெருக்கி வரைந்தால்தான். ண, ஞ, ஐ போன்றவற்றுக்கு இரண்டு கட்டம் இன்றி வடிவம் தெளியாது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலியவற்றைத் துணைக்குறி தனியே நிற்குமாறு பிரித்தது இத்தகைய திரைக்குப் பெரும் உதவி. பழைய வடிவங்களாக இருந்தால் ஒவ்வொன்றும் எட்டில் ஓரிடத்தைத் தானே பற்றியிருக்கும்.

எட்டுக்கு மேல் வேண்டுமாயின் மீண்டும் டைமரை நாட வேண்டும். சில நொடிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, பக்கத்துக்கு எட்டு வடிவமாக எழுதலாம். ஒரு வடிவத்தை மாற்றினால் அதைக் காட்டும் எல்லாக் கட்டங்களும் அக்கணமே மாறிவிடும் என்பதால், பழைய சொல் பாதி உருமாறிய நிலையில் கண்ணுக்குப் படும். ஆகையால் குறுக்கீட்டு நிரல் முதலில் திரையின் காட்சியை அணைத்து, முகவரி ஒன்றையும் 64 பைட்டுகளையும் மில்லிநொடிக்கு ஒன்றாக 65 முறையில் அனுப்பி, பின்னர் 34 முறையில் எழுத்து வரிசையை அனுப்பி, காட்சியை ஏற்ற வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி திரை இருளும். பக்கம் மாறுகிறது என்பதற்கு அடையாளமாகவே பயனர் அதைக் கொள்வார்.

இந்தப் பகுதியை விளக்கும் பாடத்தில் ‘எழுத்து’ என்னும் ஒரே சொல் நான்கு பொருளுக்கு ஆளப்படுகிறது: திரையிலுள்ள இடம், அவ்விடத்துக்கு அனுப்பும் எண், அவ்வெண்ணுக்குரிய புள்ளி வடிவம், மொழியின் எழுத்து. ஆங்கிலத்திலும் ஒரு சொல்லே இவற்றுள் பலவற்றைச் சுமக்கிறது. ஆயின் ஆங்கில நெடுங்கணக்குக்கு இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால் அங்கே பெரிதும் கேடில்லை. தமிழில் அவை ஒத்துப்போவதில்லை என்பதை ‘நேரம்’ என்னும் ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. கட்டம், குறியெண், வடிவம், எழுத்து எனப் பிரித்து ஆளுவதற்குப் புதுச்சொல் ஒன்றும் தேவையில்லை. நான்கும் பள்ளி மாணவர் அறிந்தவை. அவ்வாறு பிரித்தால், ‘எட்டு எழுத்துகளை மட்டுமே புதிதாக ஆக்கலாம்’ என்னும் பாடநூல் தொடர், ‘எட்டு வடிவங்களை மட்டுமே புதிதாக வரையலாம்’ என்றாகிவிடும். முன்னதைப் படித்த மாணவர் ‘கொ’ என்பதற்கு ஓரிடம் ஒதுக்கி, ஐந்து புள்ளி அகலத்தில் அதை வரையமுடியாமல் திகைப்பார். பின்னதைப் படித்தவர் கொம்பையும் ககரத்தையும் காலையும் மூன்று வடிவமாக வரைவார். அதே மூன்றைக் கொண்டு ‘கெ’, ‘கா’ ஆகியவற்றையும் எழுதிக்கொள்வார்.